புகை எங்கட பிள்ளைகளுக்கு, ரிப்போர்ட் ஆருக்கு?

 

நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

போன வாரம் நான் நாலே நாலு வரி எழுதினேன். "காலை ஏழு மணிக்கு நம்ம பாடசாலை வாசல்களில் நிற்கும் வாகனப் புகையை யாராவது ஒழுங்காக அளக்க வேண்டும். பல்கலைக்கழகமும் ஊரும் சேர்ந்து செய்தால் நல்லது." அவ்வளவுதான். அதற்கு வந்த கொமெண்ட்களை வாசித்தபோது நான் ஏதோ ஊரையே விற்கப் போகிறேன் என்பது போல இருந்தது. ஆகவே ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். பெயர் போட மாட்டேன். எழுதியவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப்பேரின் பிள்ளைகள் இப்போது என்னிடம் படிக்கிறார்கள்.

முதலாவது: "கடல் காத்து எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும் சேர்"

இதைத்தான் அதிகம் பேர் எழுதினார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் காற்றைப் பற்றி இப்படி எழுதுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

கடற்காற்று எப்போது வீசும்? நிலம் சூடாகிய பிறகு, பகலில். இரவிலும் விடியற்காலையிலும் வீசுவது நிலத்துக் காற்று. தோணிக்காரரிடம் கேளுங்கள், அவர் சொல்வார். அந்தக் காற்றில்தான் அவர் கடலுக்குப் போகிறார். பாடசாலைக்குப் பிள்ளைகள் போகும் ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரையான நேரத்தில் கடற்காற்று இன்னும் எழும்பியிருக்காது. காற்று மெல்லியதாக மேற்கிலிருந்து வரும், அல்லது அசையாமல் நிற்கும். கச்சான் காலத்தைச் சொல்லவே வேண்டாம். மாதக்கணக்கில் மேற்கிலிருந்துதான் அடிக்கிறது.

இப்போது நம்ம ஊரின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரைக்கும் ஏ4 பிரதான வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடல் வரைக்கும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மேற்கே வயல். வீதியின் புகையை மேற்குக் காற்று எங்கே கொண்டு போகும்? கடலுக்குத்தான் போகும், சரி. ஆனால் போகும் வழியில் நம்ம படுக்கையறைகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வீதிப் புகையின் தாக்கம் வீதியிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரைக்கும் கூடுதலாக இருக்கும் என்று அமெரிக்காவின் சுகாதார விளைவுகள் நிறுவகம் 2010இல் உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது. நம்ம ஊரில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக 500 மீட்டர் நடந்து பாருங்கள். எத்தனை வீடு, எத்தனை பாடசாலை, எத்தனை குர்ஆன் மத்ரஸா என்று எண்ணுங்கள். பிறகு கடற்காற்றைப் பற்றிப் பேசுவோம்.

இரண்டாவது: "இதெல்லாம் கொழும்பு, டெல்லிப் பிரச்சினை"

2022 டிசம்பர் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? காற்றின் தரம் மோசமாகிவிட்டது என்று நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடினார்கள். வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல், இந்தியப் பக்கமிருந்து வந்த தூசும் புகையும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எண்களை அன்று நம்ம ஊரில் பகிராத வட்ஸ்அப் குழு இல்லை. எல்லோரும் முகக்கவசத்தைத் தேடி எடுத்தோம். அடுத்த வாரமே மறந்துவிட்டோம்.

இந்தியாவிலிருந்து வந்த புகைக்குப் பாடசாலையை மூடினோம். நம்ம கேட்டடியில் ஒவ்வொரு நாளும் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும் வேனின் புகைக்கு மணியடித்து உள்ளே கூப்பிடுகிறோம். நுரையீரலுக்கு அது எந்த நாட்டுப் புகை என்று தெரியாது.

இன்னொன்று. நம் நாட்டுச் சட்டத்தில் பிஎம் 2.5 என்ற நுண்துகளுக்கு 2008ஆம் ஆண்டு வர்த்தமானி வைத்த எல்லை, ஒரு நாளின் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஆண்டுச் சராசரி 25. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு நாளுக்கு 15, ஆண்டுக்கு 5. அதாவது நம்ம சட்டப்படி "பரவாயில்லை" என்று வரும் காற்று, உலக அளவுப்படி ஐந்து மடங்கு கூடுதலாகவும் இருக்கலாம். கொழும்புக்கும் டெல்லிக்கும் மட்டும் உரிய பிரச்சினை என்று சொல்பவர்கள் முதலில் நம்ம வீதியின் எண்ணைக் காட்டட்டும். காட்ட முடியாது என்றால், எண் இல்லை என்பதுதான் என்னுடைய முறைப்பாடே.

மாவட்டத்தில் எங்காவது ஒரு கருவி இருந்தால் போதாது. வயல் நடுவிலோ அரச கட்டிடத்தின் கூரையிலோ இருக்கும் கருவி அந்த இடத்தின் காற்றைச் சொல்லும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், பஸ்ஸின் புகைக்குழாய்க்கு நேராக மூக்கை வைத்திருக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்ன சுவாசிக்கிறது என்று சொல்லாது.

மூன்றாவது: "ஆட்டோக்காரன்ட வயித்துல அடிக்காதீங்க"

இது எனக்கு வலித்தது. ஏனென்றால் இந்த ஊரில் ஆட்டோ ஓட்டுபவர்களில் என் மாணவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

தம்பி, நான் கேட்பதைக் கேளுங்கள். காலை ஆறு மணிக்கு ஏறி இரவு ஒன்பது மணி வரைக்கும் கதவில்லாத வண்டியில், பஸ்ஸுக்கும் டிப்பருக்கும் பின்னால் இருப்பவர் யார்? நீங்கள்தான். பிள்ளை ஒரு நாளில் அரை மணித்தியாலம் அந்தப் புகையில் நிற்கிறது. நீங்கள் பதினைந்து மணித்தியாலம் அதற்குள் குடியிருக்கிறீர்கள். டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் உறுதியாகச் சொல்லிவிட்டது. சிகரெட்டை வைத்த அதே முதலாம் பிரிவில் வைத்தது. இந்த ஆய்வில் முதலில் பாதுகாக்கப்பட வேண்டியவர் ஆட்டோக்காரர்தான். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, 2008இல் டூ ஸ்ட்ரோக் ஆட்டோ இறக்குமதியை நிறுத்தினார்கள். ஆட்டோத் தொழில் அழிந்ததா? நம்ம சந்திகளைப் பார்த்தால் அப்படித் தெரிகிறதா? 2002 ஜூனில் ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தினார்கள். வாகனங்கள் ஓடாமல் நின்றனவா? சுத்தமான காற்றைக் கேட்பது தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது என்பது, புகையால் இலாபம் பார்ப்பவர்கள் நம்ம வாயில் போட்டுவிட்ட வசனம்.

2008 நவம்பரிலிருந்து புகைப் பரிசோதனை வந்தது, வருடாவருடம் சான்றிதழ் இல்லாமல் வருமான வரிப்பத்திரம் எடுக்க முடியாது. நல்ல விடயம். ஆனால் அது வருடத்தில் ஒரு நாள் பரிசோதனை. முதல் நாள் கராஜில் விட்டு டியூன் பண்ணி, சான்றிதழ் எடுத்து, அடுத்த நாள் பழையபடி திருப்பிக்கொள்ளும் வித்தையை நம்ம ஆக்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அது அரசாங்கத்தை ஏமாற்றுவது என்று நினைக்கிறார்கள். பின்சீற்றில் அவர்களுடைய பிள்ளைதான் இருக்கிறது.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டது. ஒரு பக்கம் ஐந்து வருடம் கூடுதலாக ஓடிக் களைத்த பழைய எஞ்சின்கள், மறுபக்கம் புதிதாக வந்து சேரும் வாகனங்கள். வீதி மட்டும் அதே அகலம். இப்போது அளக்காமல் எப்போது அளப்பது?

நான்காவது: "ஆய்வு செஞ்சு என்ன கண்டது? வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, போவாங்க"

இந்தக் கொமெண்டுக்கு மட்டும் நான் தலை வணங்குகிறேன். இதில் உண்மை இருக்கிறது. இந்தப் பதிவின் பாதிக் கோபம் இதை எழுதியவரின் பக்கம்தான்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம்ம கரையில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. இலங்கையிலேயே அதிகம் பேரைக் கடல் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில். அதன் பிறகு எத்தனை படிவம்? வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் மௌத்து, எத்தனை பேர் காயம், இரவில் தூக்கம் வருகிறதா, கடலைப் பார்த்தால் பயமா. அதே கேள்விகளை அதே தாயிடம் ஒரே மாதத்தில் மூன்று குழுக்கள் கேட்டன. அந்தத் தாய்மாருக்கு அந்த ஆய்வுகளின் முடிவை யாராவது தமிழில் வந்து சொன்னார்களா? சொன்னவர்கள் இருந்தால் அவர்களுக்கு நன்றி. நான் பார்க்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் நான் படிப்பித்த பாடசாலைக்கும் ஒரு ஆய்வுக் குழு வந்தது. எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன், அது முக்கியமில்லை. இரண்டு பாடவேளையை எடுத்து, பிள்ளைகளுக்குத் தொய்வு இருக்கிறதா, வீட்டில் விறகடுப்பா காஸ் அடுப்பா என்று படிவம் நிரப்பினார்கள். பிள்ளைகள் ஆர்வத்தோடு எழுதினார்கள். ஒரு மாணவி என்னிடம், "சேர், எங்களுக்கு எப்ப ரிசல்ட் வரும்?" என்று கேட்டாள். பரீட்சை எழுதினால் ரிசல்ட் வரும் என்று நாம்தானே படிப்பித்திருக்கிறோம். அவளுக்குக் கடைசி வரை ரிசல்ட் வரவில்லை. அவள் ஏஎல் முடித்துப் போய்விட்டாள்.

ஆய்வாளர்களே, இந்தப் பதிவை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்கிறேன். மக்கள் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறீர்களே, ஏன் ஒத்துழைக்கவில்லை என்று ஒரு தரமாவது எழுதினீர்களா? எங்கட நேரம், எங்கட பிள்ளைகளின் இருமல், எங்கட வீதி. உங்களுக்குப் பதவி உயர்வுக்குப் புள்ளி, எங்களுக்கு ஒரு பிஸ்கட் பக்கட். இது கொடுக்கல் வாங்கல் இல்லை, வெறும் வாங்கல்.

ஆனால் தம்பி, இதற்காக ஆய்வே வேண்டாம் என்பது, ஒரு டொக்டர் சரியில்லை என்று ஆஸ்பத்திரியையே மூடச் சொல்வது போல. ஆய்வை யார் வழி நடத்துவது என்பதுதான் கேள்வி. அதற்கு மூன்று ஊர்களின் கதையைச் சொல்கிறேன்.

நியூயோர்க், ஹார்லெம். கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் நெருங்கி வாழும் பகுதி. நகரத்தின் பஸ் டிப்போக்களைக் கொண்டுவந்து அங்கே குவித்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு தொய்வுப் பிள்ளைகள். 1988இல் அங்குள்ளவர்களே 'வீ அக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, 1996 ஜூலையில் நாலு சந்திகளில் ஐந்து நாட்கள் காற்றை அளந்தார்கள். உடம்பில் மாட்டிக்கொள்ளும் கருவி. கூடவே சந்தியில் நின்று பஸ், லொறி, கார், நடந்து போகிறவர் என்று எண்ணினார்கள். அந்த வேலையில் ஊரின் உயர்தர வகுப்பு வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

என்ன கண்டார்கள்? பிஎம் 2.5 நாலு சந்தியிலும் பெரிய வித்தியாசம் இல்லை, 37க்கும் 47க்கும் இடையில். அத்தோடு நிறுத்தியிருந்தால், "பார்த்தீர்களா, எல்லா இடமும் ஒன்றுதான்" என்று அதிகாரிகள் கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால் அவர்கள் டீசல் கரியையும் தனியாக அளந்தார்கள். அது சந்திக்குச் சந்தி நாலு மடங்கு வித்தியாசம், 1.5இலிருந்து 6 மைக்ரோகிராம் வரை. எந்தச் சந்தியில் பஸ்ஸும் லொறியும் கூடவோ, எங்கே டிப்போ இருந்ததோ, அங்கே கரியும் கூட. 

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. எங்கே அளப்பது என்று ஊருக்குத்தான் தெரியும். எதை அளப்பது என்று ஆய்வாளருக்குத் தெரியும். ஒருவர் இல்லாமல் மற்றவர் அளந்தால் பொய்தான் வரும்.

இலண்டன். எல்லா என்ற ஒன்பது வயதுப் பிள்ளை. வாகனம் நிறைந்த தெற்கு சுற்றுவட்ட வீதிக்குப் பக்கத்தில் வீடு. கடுமையான தொய்வு. 2013 பெப்ரவரியில் இறந்துபோனாள். முதல் மரண விசாரணையில் காற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளுடைய உம்மா ரோசமண்ட் ஒரு ஆசிரியை. அவர் விடவில்லை. பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட், அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட நாட்களையும், வீட்டிலிருந்து சுமார் ஒரு மைல் தூரத்தில் இருந்த காற்று அளவை நிலையத்தின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தின. 2020 டிசம்பர் 16ஆம் திகதி, காற்று மாசு அந்த மரணத்துக்குக் காரணங்களில் ஒன்று என்று தீர்ப்பு வந்தது. பிரித்தானியாவில் முதல் தடவையாக.

அந்தத் தாய்க்கு நீதி கிடைத்ததற்கு மூன்று விடயம் காரணம். அவருடைய பிடிவாதம். ஒரு பேராசிரியரின் நேர்மை. ஒரு மைல் தூரத்தில் நின்ற ஒரு கருவி. நம்ம ஊரில் முதலாவது நிறைய இருக்கிறது. இரண்டாவதும் தேடினால் கிடைக்கும். மூன்றாவது இல்லாவிட்டால் நம்ம தாய் எதைக் கொண்டு போய் யாரிடம் காட்டுவாள்?

தமிழ்நாடு, கடலூர். நம்ம மொழி பேசும் ஊர். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்து மக்கள் 2004இலேயே பயிற்சி எடுத்து, எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கக் காற்று, என்ன நாற்றம் என்று கொப்பியில் எழுதத் தொடங்கினார்கள். வாளிக்குள் ஒரு பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். அது தொழிற்சாலைப் புகை, நம்முடையது வாகனப் புகை. ஆனால் முறை ஒன்றுதான். படிக்காத ஆக்கள் என்று தட்டிக் கழிக்கப்பட்டவர்கள் திகதியோடும் நேரத்தோடும் பேசினால் எதிரில் இருப்பவர் எழுந்து உட்கார வேண்டியிருக்கும்.

"வெளிநாட்டுக் கதை" என்று சொல்பவர்களுக்கு நம் நாட்டுக் கதையும் ஒன்று. 1998இல் லலாநாத் டி சில்வா என்ற சட்டத்தரணி, கொழும்பின் வாகனப் புகைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார். அதன் விளைவாகத்தான் 2000ஆம் ஆண்டில் வாகனப் புகைக்கான நியமங்கள் வர்த்தமானியில் வந்தன. நீங்கள் இன்று கையில் வைத்திருக்கும் புகைச் சான்றிதழின் வேர் அங்கேதான். யாரோ ஒருவர் கேட்டார், கிடைத்தது.

சரி, நாம் என்ன செய்வது?

ஒலுவிலில் நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகம் ஆனது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்கள் அதற்காகப் பட்ட பாட்டை மேடையில் சொல்லாத அரசியல்வாதி இல்லை. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம். கொஞ்ச நேரப் பயணம். பட்டமளிப்பு விழாவில் படம் எடுக்க மட்டுமா அது? நம்ம வீதியின் காற்றை நம்ம பல்கலைக்கழகம் அளக்காவிட்டால் வேறு யார் வந்து அளப்பார்?

என்னுடைய நிபந்தனைகளையும் யோசனைகளையும் வெளிப்படையாகவே வைக்கிறேன். குறை இருந்தால் திருத்துங்கள்.

1. முதலில் எண்ணுவோம். வாகனம் எண்ணப் பட்டம் தேவையில்லை. நாலு இடம்: ஒரு பாடசாலை வாசல், பஸ் நிலையம், ஒரு பெரிய சந்தி, வீதியிலிருந்து தள்ளிய ஒரு கடற்கரை ஒழுங்கை. காலை 6.45 – 7.45, பகல் 1.15 – 2.00. மதிலுக்கு உள்ளே பாதுகாப்பாக இருந்து, ஆசிரியர் மேற்பார்வையில், பத்தாம் தரப் பிள்ளைகள் எண்ணலாம். டீசல், பெற்றோல் தனித்தனியாக. நின்றபடி எஞ்சின் ஓடும் வாகனம் தனியாக. கணித ஆசிரியருக்கும் இதைவிட நல்ல செயற்றிட்டம் கிடையாது.

2. கருவியை நம்புவதற்கு முன் சோதிப்போம். சந்தையில் மலிவான காற்று அளவிகள் வருகின்றன. ஒளியைப் பாய்ச்சித் துகளை எண்ணும் கருவிகள். நம்ம கடற்கரையின் ஈரப்பதத்தில் அவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும், உப்புத் துகள் நீரை இழுத்துப் பருப்பதால். ஆகவே தரமான கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். இதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. ஒருவர் ஒரு கருவியை வாங்கி வைத்துக்கொண்டு "எங்கட ஊர் செத்துப் போச்சு" என்று லைவ் போடுவது ஆய்வல்ல.

3. தரவு ஊருக்குச் சொந்தம். முடிவு முதலில் தமிழில், இங்கே, பள்ளிவாசல் மண்டபத்திலும் பாடசாலையிலும் கோயில் முன்றலிலும் சொல்லப்பட வேண்டும். ஆங்கிலச் சஞ்சிகைக்குப் போவது அதற்குப் பிறகு. வேலை செய்த ஊரவர் பெயர் அதில் இருக்க வேண்டும், நன்றியுரையின் கடைசி வரியில் அல்ல.

4. பிள்ளையின் பெயர் வெளியே வராது. தொய்வுப் பிள்ளைகளின் விபரமோ, அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையினதும் கல்முனை ஆதார வைத்தியசாலையினதும் பதிவுகளோ தேவைப்பட்டால், முறையான ஒழுக்கக் குழு அனுமதியோடு, பெயர் நீக்கி. குமர்ப் பிள்ளைக்கு முட்டு என்று ஊர் பேசத் தொடங்கினால் கல்யாணம் பேசும்போது என்ன நடக்கும் என்று கொழும்பிலிருந்து வருபவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

5. குழுவில் ஆட்டோ, பஸ் சங்கத்தினர் இருக்க வேண்டும். அவர்களைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்துக்கு நானும் போக மாட்டேன்.

6. இரண்டு சமூகமும் சேர்ந்து. இதைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதேச செயலக எல்லைக்காக உண்ணாவிரதம் இருந்த ஊர் இது. சபை எல்லைக்காகக் கடையடைத்த ஊர் இது. யாருடைய நியாயம் சரி என்று இங்கே பேச வரவில்லை. ஆனால் பாண்டிருப்பில் கிளம்பும் புகை கல்முனைக்குடியில் நின்று அடையாள அட்டை காட்டுவதில்லை. காரைதீவுச் சந்தியில் நிற்கும் பஸ்ஸின் புகைக்கு மாளிகைக்காடு எல்லை தெரியாது. கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் ஒரே மேசையில் உட்கார இதைவிட இலகுவான காரணம் கிடைக்காது. இதில் ஒருவர் தோற்றால்தான் மற்றவர் வெல்வார் என்ற கணக்கே இல்லை.

7. கேள்வி கேட்கும் உரிமையைப் பாவிப்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநகர சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் எழுத்தில் கேட்போம்: எங்கள் வீதியோரக் காற்றை எப்போது, எங்கே அளந்தீர்கள், எண் என்ன? 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். "அளக்கவில்லை" என்ற பதில் வந்தாலும் அது நமக்கு ஒரு ஆவணம்.

அளந்து முடியும் வரை சும்மா இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நாளைக் காலையிலேயே செய்யக்கூடியவை உண்டு. பாடசாலை வாசலில் எஞ்சினை நிறுத்துங்கள். பிள்ளையை கேட்டுக்குள்ளேயே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்ற பெருமையை விட்டு, ஐம்பது யார் தள்ளி இறக்கி நடக்க விடுங்கள். ஜும்ஆவுக்கு வந்து இரண்டு வரிசையாக வாகனத்தை நிறுத்தி, பின்னால் வருபவர்கள் கால் மணித்தியாலம் புகை கக்க வைக்காதீர்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் முதலாம் வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். கல்லும் முள்ளும் மட்டுமா தொல்லை? வீட்டு முற்றத்தில் பொலித்தீன் எரிப்பவர்களும் இதை ஒரு தரம் வாசியுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி வரும்: "இதையெல்லாம் செஞ்சா மட்டும் புள்ளைகள்ட நெஞ்சு நல்லாகுமா?" வரும். அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் 3,600க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை பின்தொடர்ந்தார்கள். பெருந்தெருவிலிருந்து 500 மீட்டருக்குள் வாழ்ந்த பிள்ளைகளின் நுரையீரல், 1,500 மீட்டருக்கு அப்பால் வாழ்ந்தவர்களைவிடக் குறைவாக வளர்ந்திருந்தது என்று 2007இல் எழுதினார்கள். அதே ஆய்வுக் குழு 2015இல் இன்னொன்றையும் எழுதியது. இடையில் அந்தப் பகுதியின் காற்று சுத்தமாகி வந்தது, பின்னால் வந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்தது. காற்றைத் திருத்தினால் நெஞ்சு வளரும். ஆனால் வளரும் வயது ஒரு தரம்தான் வரும். இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு, நாம் குழு அமைத்து, தலைவர் யார் செயலாளர் யார் என்று இரண்டு வருடம் சண்டை பிடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருக்க நேரமில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு பக்கத்துக்கும்.

ஆய்வாளர்களே, வாருங்கள். ஆனால் படிவத்தோடு வராதீர்கள், கேள்வியோடு வாருங்கள். எந்தக் கேள்வியை ஆராய்வது என்று எங்களோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். ரிசல்ட்டைத் தராமல் போகும் ஆய்வுக்கு இனி எங்கட வகுப்பறைக் கதவு திறக்கக் கூடாது என்று அதிபர்மாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஊரவர்களே, கதவைச் சாத்தாதீர்கள். "எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்று இருமும் பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்கல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாம் இன்னும் கயிற்றையே எடுக்கவில்லை.

வரும் தவணையில் காலை எண்ணிக்கையைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள், பெற்றோர், ஆட்டோச் சங்கத்துத் தம்பிமார், விரிவுரையாளர்கள் கொமெண்டில் உங்கள் ஊரை மட்டும் எழுதுங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, எந்த ஊரானாலும் சரி. நாலு ஊர் சேர்ந்தால் நாலு சந்தி ஆகிவிடும். ஹார்லெமில் தொடங்கியதும் நாலு சந்தியில்தான்.

எதிர்க்கருத்து எழுதுபவர்களும் தாராளமாக எழுதுங்கள். ஆனால் இந்தத் தடவை காலை ஏழு மணிக்கு ஒரு பாடசாலை வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து எழுதுங்கள்.